டம்ளரில் லேபிளை எங்கே ஒட்டுவது?

பருத்திப்பால் விற்கிறவளுக்குக் கையில் பலமும் வேண்டும், வாயில் பதிலும் வேண்டும். பலம் குறைந்தால் கிரைண்டர் உதவும், பதில் குறைந்தால் எந்த மிஷினும் உதவாது.

மதுரை வில்லாபுரத்தில், பஸ் நிற்கிற இடத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில், சாயங்காலம் நாலு மணிக்கு என் தள்ளுவண்டி வந்து நிற்கும். பருத்திக்கொட்டையை முதல் நாளே ஊறப்போட்டு, அரைத்து, துணியில் பிழிந்து, அந்தப் பாலில் பச்சரிசி மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் தேங்காய்ப்பூவும் சேர்த்தால் பருத்திப்பால். சொல்லும்போது ஒரே மூச்சில் முடிகிறது. செய்யும்போது இடுப்பு போய்விடுகிறது. என் வீட்டுக்காரர் காலமாகிப் பதினோரு வருஷம். மகன் திருப்பூரில் இருக்கிறான். மகள் செல்வராணி பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறாள்; ஒரு மருந்துக்கடையில் வேலை. "போதும்மா, வந்து உக்காருங்க" என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனாலும் என் சோற்றை நானே சம்பாதிக்கிற வரைக்கும் மீனாட்சி முன்னால் நிமிர்ந்து நின்று கும்பிட முடிகிறது. அதை விட மனசு வரவில்லை.

தெருவில் நின்று சரக்கு விற்கிற சனங்களே, உங்களுக்குத் தெரியாததா? மழை வந்தால் தார்ப்பாயைப் போட்டு மூடலாம். கேள்வி வந்தால் எதைப் போட்டு மூடுவது? என் வண்டிக்கு ஒரு கேள்வி வந்தது. அதனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை

சரோஜா மதினி எங்கள் தெருக்கோடி வீடு. பல வருஷத்து வாடிக்கை. அவர் மருமகள் நிவேதா, நாகமலை புதுக்கோட்டை பக்கம் பல்கலைக்கழகத்தில் செடி கொடி பற்றி மேல்படிப்புப் படித்த பிள்ளை. தாய் வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்று மாதக் கைக்குழந்தையோடு திரும்பியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பருத்திப்பால் நல்லது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. மதினி தினமும் ஒரு செம்பு வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார்.

முதல் நாள் ஊற்றிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை டம்ளரை வாங்கி மோந்து பார்த்தது. "வாசனை நல்லா இருக்கு பெரியம்மா. இது பி.டி. பருத்திக் கொட்டையா?" என்று கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவளே சொன்னாள்: மண்ணில் இருக்கிற ஒரு நுண்ணுயிரின் குணத்தை எடுத்துப் பருத்திக்குள் வைத்திருக்கிறார்கள், அந்தச் செடியைத் தின்றால் காய்ப்புழு செத்துப்போகும், மரபணு மாற்றம் என்று அதற்குப் பெயர். "புழு சாகும்னா, மனுசங்களுக்கு?" என்றேன். "புழு வயிறு வேற, நம்ம வயிறு வேறன்னு சொல்றாங்க. அப்படி விட்டுறக் கூடாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் கெட்டதுன்னு சொல்லலை. எது என் பிள்ளைக்குப் போகுதுன்னு தெரிஞ்சு குடிக்கணும், அம்புட்டுதான்" என்றாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. மருமகள் டம்ளரை மெதுவாக மாமியார் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "விசாரிக்கிற வரைக்கும் தினம் கொண்டு வாங்க பெரியம்மா. அத்தை குடிக்கட்டும், நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

மூட்டையின் ஜாதகம்

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது நான் கொட்டை வாங்கும் கடை. அந்த அண்ணாச்சி என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில், "அண்ணாச்சி, இந்தக் கொட்டை பி.டி.யா?" என்று கேட்டேன். ஏதோ களவுச் சரக்கைப் பற்றி விசாரிக்கிறவள் மாதிரி எனக்கே இருந்தது. அவர் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"இப்ப வர்றதுல பெரும்பாலும் அதுதான் தாயி. விதைக்கிறது அதுன்னா கொட்டை மட்டும் வேற எங்கருந்து வரும்? இதைத்தான் மாட்டுக்கு ஊறப்போடுறாக. இதைத்தான் எண்ணெயா ஆட்டுறாக. அந்த எண்ணெயில எத்தனை பலகாரம் பொரியுதோ! நீங்க தின்னுருக்கீக, நானும் தின்னுருக்கேன். உங்களை மட்டும் பிடிச்சுக் கேட்டது யாரு?" என்றார். அவர் கேட்டதிலும் ஞாயம் இருந்தது. ஆனால் மற்றவர்கள் கேட்காமல் விட்டதை வைத்து, கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஒரு மூட்டையாச்சும் அது இல்லாததுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று மறுபடி கேட்டேன். மூட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பாருங்க தாயி, எடை போட்டிருக்கான், ஊரு போட்டிருக்கான். இந்தக் கொட்டை யாருக்குப் பொறந்துச்சுன்னு போடலையே!"

தம்பி மூக்குக்குள் போனது

என் தம்பி கருப்பையா, திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் நிலத்தில் பருத்தி போடுகிறவன். எங்கள் அப்பா காலத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. ஊரார் காட்டில் பருத்தி எடுக்கப் போனவர்கள் நாங்கள். தம்பிதான் முதலில் இரண்டு ஏக்கர் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய், அவன் காட்டில் நின்று கேட்டேன். "ஆமாக்கா, நான் போடுறதும் பி.டி.தான். இதுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றான்.

குழந்தை பெற்றவள் குடிக்கிறாளே தம்பி என்று சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. முன்பெல்லாம் காய்ப்புழுவுக்குப் பயந்து வாரத்துக்கு ஒரு தடவை மருந்து அடிப்பான். ஒருநாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரப்பில் விழுந்து, வாயில் நுரை தள்ளி, பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தான். அவன் கட்டில் காலடியில் உட்கார்ந்து நான் செய்த வேண்டுதலைத் திருப்பரங்குன்றத்தில்தான் முடித்தேன். இந்த விதை வந்த பிறகு மருந்து குறைந்தது என்கிறான். இப்போது இந்த விதைக்கும் அடங்காத ஒரு புழு வந்து மறுபடி மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது என்றும் அவனே சொல்கிறான். விதையை வருஷா வருஷம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வீட்டுக் கொட்டையை எடுத்துப் போட்டால் சரியாக வராது என்பதில் அவனுக்கும் வருத்தம்.

எல்லாம் சொல்லிவிட்டு, ஒரு காயைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்து மூடினான். பிறகு சொன்னான்: "அக்கா, உங்க டம்ளருக்குள்ள போறதைப் பத்தி எல்லாரும் கேக்குறாக. எங்க மூக்குக்குள்ள போனதைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையே."

கண்ணால் பார்த்தால் தெரியுமா

கருங்கண்ணி என்று பழைய ரகம் ஒன்று உண்டு. யாராவது இன்னும் போடுகிறார்களா என்று பத்து நாள் அலைந்தேன். ஒருவர் ஒரு சாக்கில் கொஞ்சம் கொட்டை கொடுத்து, "இதுதாம்மா அது" என்றார். அண்ணாச்சி கடைக் கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்தேன். இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடித்துப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். இத்தனை வருஷம் இதே கொட்டையைத்தானே கையால் அளைகிறேன்? எது எதுவென்று நிச்சயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

"எப்படிண்ணே நம்புறது?" என்றேன். அவருக்கு மனசு நொந்திருக்க வேண்டும், ஆனாலும் சிரித்தார். "நான் சொல்றேன்ல, அதை வச்சு நம்புங்க. நீங்க சொல்றதை வச்சுத்தானே உங்க ஆளுகளும் நம்பணும்?"

பெரிய எழுத்தும் பொடி எழுத்தும்

நிச்சயம் சொல்ல முடியாத அந்தக் கொட்டையை வாங்காமல் வந்து, களைத்து உட்கார்ந்திருந்தபோது தம்பி ஒரு பையோடு வந்தான். அந்தப் பை நிறையச் சின்னப் பொட்டலங்கள். பி.டி. விதைப் பாக்கெட்டோடு முன்பெல்லாம் இப்படி ஒரு பொட்டலம் சேர்த்துத் தருவார்களாம். அதில் இருப்பது மாற்றம் செய்யாத சாதா விதை; புழு பி.டி.க்குப் பழகிவிடாமல் இருக்க, காட்டைச் சுற்றி அஞ்சு வரிசை அதை விதைக்க வேண்டுமாம். விதைத்தவர்கள் குறைவு. இடத்தை அடைக்கும் என்று அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் பரணில் போட்டு வைத்ததை எல்லாம் தம்பி எனக்காகச் சேர்த்து எடுத்து வந்திருந்தான். "பாருங்கக்கா, பி.டி. இல்லாததுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியா இதுல எடுத்துக் குடுங்க" என்றான். மீனாட்சியே கொடுத்து அனுப்பினாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மதினி வீட்டுக்குப் போய், நாளைக்கு உனக்கென்று தனிப் பால் வருகிறது என்று நிவேதாவிடம் சொல்லியும் வந்துவிட்டேன்.

பிரித்தால் விதை எல்லாம் ரோஸ் நிறம். "விதைன்னா சாயம் போடத்தான் செய்வான், கழுவினாப் போயிரும்" என்று தம்பி சொல்லிவிட்டுப் போனான். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஏழாவது தண்ணீரும் ரோஸாகவே இருந்தது. பஞ்சு மிட்டாய்க்கும் கேசரிக்கும் போடுகிற சாயந்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊறப்போட்டேன். காலையில் செல்வராணி சாம்பார்ப்பொடி வாங்க வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள், குப்பையில் கிடந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் அல்லவா, பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பாள். இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: விஷ மருந்து பூசியது, தின்ன ஆகாது, எண்ணெய்க்கு ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

கிரைண்டர் பக்கத்தில் தயாராக இருந்தது. அவள் அரை மணி நேரம் கழித்து வந்திருந்தால் அரைத்திருப்பேன். மகள் கையுறை மாட்டி, மாடோ கோழியோ கிளறாத ஆழத்தில் அதைப் புதைத்தாள். பாத்திரத்தையும் சேர்த்துப் புதைத்தாள். என் கையை சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டாள், சின்னப்பிள்ளைக்குக் கழுவுகிற மாதிரி. அழக்கூட வராமல் நான் அவளைப் பார்த்தேன். என் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "பி.டி. இல்லைங்கிறதை நீங்க படிக்கிற மாதிரி பெருசாப் போட்டிருக்கான். விஷம்ங்கிறதை மட்டும் நான் வந்து படிக்கிற மாதிரி பொடிசாப் போட்டிருக்கான்மா."

செம்பு இல்லாமல் போன சாயங்காலம்

அன்றைக்கு வண்டி போடவில்லை. விளக்கேற்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. "தாயே, தெரியாததைத் தெரியும்னு சொல்ல வைக்காதே" என்று மட்டும் வந்தது. நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். கொட்டை கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது; யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதே தெரிந்துகொள்ளத்தானே?

போனேன். நிவேதா குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன்: கடைக் கொட்டை பெரும்பாலும் பி.டி.தான் என்பது, பழைய ரகம் தேடியது, பொட்டலம், ரோஸ் தண்ணீர், மகள் படித்தது, எல்லாம். சரோஜா மதினி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். நிவேதா துண்டோடு பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "நான் கேட்டதனாலதானே பெரியம்மா இம்புட்டும்? கேக்காமயே இருந்திருக்கணுமோ?"

பலகை

அந்தக் கேள்விக்கு என் பதில்தான் பலகை. நிவேதா ஒருதரம் சொல்லியிருந்தாள்: பாக்கெட்டில் வருகிற சாமானுக்கு இதையெல்லாம் எப்படிப் போட வேண்டும் என்றே இன்னும் பேச்சு நடக்கிறதாம். "அப்போ டம்ளர்ல லேபிளை எங்கம்மா ஒட்டுறது?" என்று கேட்டுச் சிரித்திருந்தேன். சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. டம்ளரில் ஒட்ட முடியாது; வண்டியில் மாட்டலாமே! செல்வராணியை எழுதச் சொன்னேன்: "இந்தப் பால் பெரும்பாலும் பி.டி. பருத்திக் கொட்டையில் எடுத்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன்." மகள் பிரஷ்ஷை வைத்துவிட்டாள். "தன் சரக்கைப் பத்தித் தனக்கே தெரியாதுன்னு எந்தக் கடைக்காரன்மா எழுதிப் போடுறான்?" என்றாள். "ஒண்ணைப் பெருசாப் போட்டு இன்னொண்ணைப் பொடிசா மறைச்சதைத்தான் பார்த்தோமே" என்றேன். எழுதினாள்.

முதல் நாள் ஆட்டோ ஓட்டுகிற பாண்டி வந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சத்தமாகப் படித்தான். தினம் ஒரு டம்ளர் குடிக்கிறவன். பி.டி. என்றால் என்ன என்று கேட்டான். தின்றால் புழு சாகும் என்கிறார்கள், மனுசருக்கு ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்கிறார்கள், போதுமான அளவு பார்க்கவில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். பாண்டி குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, இன்னொரு டம்ளர் பார்சல் கட்டுங்க. எங்க வீட்டுல ஒரு மச்சினன் இருக்கான். புழுவா மனுசனான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும்."

மதினியின் கோபம்

சிரித்தவர்கள் கொஞ்சம், போனவர்கள் அதிகம். ரவுண்டானா பக்கம் இன்னொரு வண்டிக்காரர் "சுத்தமான நாட்டுக்கொட்டைப் பால்" என்று எழுதிப் போட்டுவிட்டார். அவர் வாங்குவதும் அதே அண்ணாச்சி கடையில்தான். மூட்டை ஏற்றும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வோம். நான் ஒரு வார்த்தை அவரைச் சொல்லவில்லை. அவருக்கும் வீட்டில் வயிறுகள் இருக்கின்றன. என் அண்டாவில் பாதி மீந்து, தினமும் தெருப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். இப்படியே போனால் வண்டியை நிறுத்திவிட்டு மகள் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான் என்று தெரிந்தது. மகன் போனில், "நல்லதாப் போச்சும்மா" என்றான். அவன் அன்பாகத்தான் சொன்னான். எனக்குத்தான் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்தது.

சரோஜா மதினியும் என்னிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் ரவுண்டானா வண்டியில் வாங்கிய தூக்குவாளியோடு என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். "என் மருமக குடிக்க மாட்டேன்னுட்டா. பிள்ளைக்குப் பால் பத்தலையோன்னு நான் கிடந்து தவிக்கிறேன். எத்தனையோ வீட்டுல குடிச்சுப் பிள்ளை வளர்க்கலையா? உங்களுக்கு மட்டும் என்ன இம்புட்டு உண்மை வேண்டிக்கெடக்கு மதினி?"

பச்சை இலை

அந்த நேரம் பார்த்து ஒருவர் காரில் வந்தார். நகரத்தின் வடக்கே இயற்கைப் பொருள் அங்காடி வைத்திருப்பவர், பெயர் வேண்டாம். ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன பக்குவம்மா!" என்றார். தினமும் நூறு பாட்டில் வேண்டும், வண்டி தள்ள வேண்டாம், வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொள்வோம் என்றார். என் முழங்கால் அதைக் கேட்டு என்னைவிட முன்னால் சந்தோஷப்பட்டது. பிறகு பையிலிருந்து ஒரு சுருள் எடுத்தார். பச்சை இலை படம் போட்ட லேபிள். "மரபணு மாற்றம் இல்லாதது" என்று அழகான எழுத்து. "நீங்க ஒட்ட மட்டும் செய்யுங்க" என்றார்.

"கொட்டை நீங்க தருவீங்களா தம்பி?" என்று கேட்டேன். "நீங்க வாங்குற இடத்துலயே வாங்கிக்கங்கம்மா" என்றார். என் பலகையைக் காட்டினேன். அதைக் கழற்றிவிடலாம் என்றார். அந்தச் சுருளை மூன்று நாள் சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்று எழுதுவது சுலபம். அந்த மூன்று நாளும் நான் பாட்டில் விலை விசாரித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மூன்றாம் நாள் ஒரு லேபிளைப் பிரித்து எங்கள் வீட்டு டம்ளரில் ஒட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் என்னால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பின்பக்கத்தில் பொடி எழுத்து இருக்கிறதா என்று.

அவர் வந்தபோது சுருளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்று குறைகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. காரில் ஏறும்போது என் வண்டியையும் ஆளில்லாத மரத்தடியையும் பார்த்துச் சொன்னார்: "உங்க போர்டுல உண்மை இருக்கும்மா. ஆளுதான் இல்லை."

காதுகுத்து வீடு

ஆள் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். எல்லோரும் வரவில்லை. ஆனால் புதிதாகச் சிலர் பலகையைப் படிப்பதற்கென்றே நின்றார்கள். நின்றவர்களில் சிலர் குடித்தார்கள். கொட்டைக்கடை அண்ணாச்சிகூட ஒருநாள் வந்து, பலகையை இரண்டு தடவை படித்து, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அண்டாவில் மீதம் கால்வாசியாகக் குறைந்தது. மகள் வீட்டில் போய் உட்காருவதைத் தை மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன்.

அப்போதுதான் நிவேதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள். பிள்ளைக்குக் காதுகுத்து, முந்நூறு பேருக்குப் பருத்திப்பால் வேண்டும் என்றாள். நான் திகைத்து, "மதினிக்குத் தெரியுமா?" என்றேன். "அத்தைதான் உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக. அந்த ரவுண்டானா வண்டிக்காரர்கிட்ட, 'நாட்டுக்கொட்டைன்னு எதை வச்சுச் சொல்றீக?'ன்னு போய்க் கேட்டிருக்காக. அவரு, 'எல்லாரும் போடுறாக, நானும் போட்டேன்'னுட்டாராம். வீட்டுக்கு வந்து வாளியை வச்ச சத்தத்துல பிள்ளை முழிச்சிருச்சு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்துவிட்டது.

"நீயாச்சும் அன்னைக்கு ஒரு வாய் குடிப்பியாத்தா?" என்று கேட்டேன். ஆசைதான், வேறு எதற்கும் கேட்கவில்லை. அவள் தயங்கவே இல்லை. "இல்லை பெரியம்மா. பிள்ளை பால் மறக்கட்டும், அப்புறம் யோசிக்கிறேன்" என்றாள். அதைக் கேட்டு எனக்கு வருத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. விளங்கிக்கொண்டு வேண்டாம் என்று சொல்கிற ஒருத்தி என் முன்னால் நிற்கிறாள் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அண்டாவை மட்டும் ஆட்டோவில் அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னதற்கு, அவள் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தலையை ஆட்டினாள்: "அண்டா மட்டும் போதாது பெரியம்மா, பலகையையும் கொண்டு வந்து பந்தல் வாசல்ல மாட்டுங்க, எங்க ஆளுக படிச்சுட்டுக் குடிக்கிறவங்க குடிக்கட்டும், என்னை மாதிரி ஆளுக்கு மோர் இருக்கு."

இத்தனை வருஷம் "வாங்க, குடிங்க" என்று கூவி விற்றவளுக்கு, "நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது" என்று எழுதி மாட்டிய பிறகுதான் முந்நூறு பேர் பந்தலில் இடம் கிடைத்திருக்கிறது. வியாபாரத்தில் இது லாபமா நஷ்டமா என்பதை மட்டும் எந்த லேபிளிலும் நான் இன்னும் படிக்கவில்லை.